சித்தி திருப்பி எறிந்த பந்து

பேஸ்போல் ஆட்டத்தில் அந்த மூவாயிரமாவது ஸ்ட்ரைக்-அவுட்டை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் ரொறன்ரோவில் ஏராளமாக இருக்கிறார்கள். மைதானத்தில் இருந்த ஆசனங்களைவிட அவர்களுடைய தொகை கூடுதலாக இருக்கும் என்பது என் ஐயம். அண்மையில் ஒரு வானொலியில் அந்த ஆட்டத்தைப் பற்றிய நினைவுகளை இரசிகர்களிடம் கேட்டார்கள். ஒருவர் அன்று தன் மனைவிக்குப் பிரசவ வலி தொடங்கியிருந்ததாகவும், அந்தப் பந்து எறியப்படும்வரை அவர் பொறுத்துக்கொண்டதாகவும் சொன்னார். மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் வேலைக்குப் பொய்க் காய்ச்சல் சொல்லிவிட்டு வந்து, இரண்டு வரிசை முன்னால் தன் மேலாளர் இருப்பதைக் கண்டாராம். எல்லோரும் பார்த்திருந்தார்கள். பேருந்தில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டு வந்த என்னுடைய நிலை அவர்களுடையதற்கு நேர்மாறானது. நான் அன்று அங்கே இருந்தேன். களத்தில் மூன்றாவது பேஸ் எனப்படும் மூலையை ஒட்டிய பக்கத்தில், வேலியிலிருந்து பதினான்காம் வரிசையில், யாரும் மறைக்காத ஆசனத்தில் இருந்தேன். ஆனால் நான் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பின் பதினோராம் தளத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான்; அந்த வருடத்துத் தை மாதத்திலிருந்து சித்தியும். சித்தி அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டு, கொழும்பிலும் பிறகு எனக்குப் பெயர் சொல்லப்படாத சில நாடுகளிலும் ஒன்றரை வருடத்தை வழியில் கழித்துவிட்டு வந்து சேர்ந்திருந்தார். வேலை செய்வதற்கான அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அதனால் நாள் முழுவதும் வீட்டில் இருந்தார். என் கட்டில் சுவரோரம் தள்ளப்பட்டு, நிலத்தில் ஒரு மெத்தை போடப்பட்டது. சித்தி குறைவாகப் பேசுபவர், நானும் அப்படித்தான். பேசாத இரண்டு பேரை ஒரே அறையில் விட்டால் அதற்கு ஒற்றுமை என்று பெயர் என வீட்டுப் பெரியவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

பேஸ்போல் எங்கள் வீட்டுக்குள் அப்பாவின் வழியாக வந்தது. நகரத்து மையத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் அவர் வேலை செய்தார். அங்கே அடுப்புக்கு மேலிருந்த வானொலியில் கோடை முழுவதும் ஆட்ட வர்ணனை ஓடும். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் நகரத்து அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் கிண்ணத்தை வென்றுவிட்டது. அதனால் இங்கே ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நடக்கும் என்று அப்பா நம்பிவிட்டார். பிறகு அணி தோற்கத் தொடங்கியபோது, அது ஏதோ தற்காலிகத் தடங்கல் என்றே ஒவ்வொரு பருவத்தையும் எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து விளையாட்டு எனக்குத் தொற்றியது. பந்து எறிபவரையும் அடிப்பவரையும் நான் அறிந்திருந்தேன். அடிப்பவர் மூன்று தடவை தவறவிட்டால் வெளியேற வேண்டும். அதற்குப் பெயர் ஸ்ட்ரைக்-அவுட். அதை K என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பார்கள். எங்கள் அணியின் எறிவாளர் தன் வாழ்நாளில் மூவாயிரம் K எடுக்கப்போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருத்திக்கு எல்லாமே தெரியும் என்பது ஒன்பது வயதின் கணக்கு.

பள்ளி விட்டு வந்து நான் ஆட்டம் பார்க்கும்போது சித்தியும் வந்து பக்கத்தில் அமர்வார். உடுப்புகளை மடித்தபடி பார்ப்பார். எப்போதாவது ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகள் எனக்கு எரிச்சல் தரும். விளையாட்டோடு ஒட்டாத கேள்விகள் என்று நினைப்பேன். ஒருநாள், பந்து பார்வையாளர்களுக்குள் போய் விழுந்தபோது, கையில் இருந்த துவாயை மடியில் வைத்துவிட்டு, "உங்கை போற பந்தை ஆர் பிள்ளை எடுத்துக்கொண்டு வந்து குடுக்கிறது?" என்று கேட்டார்.

நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன். பார்வையாளர்களிடம் போகும் பந்து பிடித்தவருக்கே சொந்தம், அணியிடம் வேறு பந்துகள் இருக்கின்றன என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

ஆனி மாதத்தில், பள்ளி விடுமுறைக்கு இரண்டு கிழமை இருந்தபோது, அப்பா நான்கு நுழைவுச்சீட்டுகளோடு வீட்டுக்கு வந்தார். உணவகத்தின் முகாமையாளர் தன் குடும்பத்துக்கு வாங்கியவை. அவருடைய மாமியார் படுக்கையில் விழுந்ததால் போக முடியவில்லை. ஞாயிறு பிற்பகல் ஆட்டம். எறிவாளருக்கு மூவாயிரத்தை எட்ட இன்னும் ஏழு தேவைப்பட்டது. நல்ல நாளாக இருந்தால் ஏழு எடுக்கக்கூடியவர். அப்பா அன்று தேநீர் குடித்து முடிப்பதற்குள் இரண்டு முறை அந்தச் சீட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

எனக்கு அந்த ஆட்டம் வேறொரு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தது. எங்கள் வகுப்பில் திங்கட்கிழமைகளில் எல்லோரும் தரையில் வட்டமாக அமர்ந்து, வார இறுதியில் நடந்த ஏதாவதொன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் முழுவதும் நான் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை. என் முறை வரும்போது தலையை அசைப்பேன். ஆசிரியை அடுத்த பிள்ளையிடம் போவார். தேர்ச்சி அறிக்கையில் அவர் 'மிகவும் அமைதியானவள்' என்று எழுதி அனுப்பியிருந்தார். அது ஒரு முறைப்பாடு. அப்பா அதை அம்மாவுக்கு நற்சான்றாக மொழிபெயர்த்தார். அம்மா அந்த அறிக்கையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நான் ஆசிரியையிடம் போய், ஆட்டத்துக்குப் போவதாகவும் திங்கட்கிழமை அதைப் பற்றிச் சொல்லப்போவதாகவும் தெரிவித்தேன். அவர் முகம் மலர்ந்த விதத்தில், இனிப் பின்வாங்க முடியாது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

நான்காவது சீட்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தி வரலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"சித்தியைக் கூட்டிக்கொண்டு போவம்."

"சித்திக்கு பேஸ்போல் தெரியாதம்மா."

"எனக்கும்தான் தெரியாது. நான் வரேல்லையே? உன்ரை சிநேகிதி பிறகும் போவாள். இவள் வந்து ஆறு மாசம். லிஃப்ற்றாலை இறங்கினது ஆஸ்பத்திரிக்கும் லோயரிட்டையும்தான்."

ஞாயிறு காலை அம்மா ஐந்து மணிக்கே எழுந்து மட்டன் ரோல்ஸ் பொரித்தார். இருபத்துநான்கு. வீடு முழுவதும் எண்ணெய் மணம். அவற்றை ஈயத்தாளில் சுற்றிப் பையில் வைத்தபோது அப்பா தயங்கினார்.

"இதுகளை உள்ளை விடுவாங்களோ தெரியேல்லையப்பா."

"விடாட்டி வாசல்லை நிக்கிறவனுக்கும் ரெண்டைக் குடுங்கோ. பிறகு விடுவான்."

புறப்படுமுன் எங்கள் நால்வருக்கும் அம்மா திருநீறு பூசினார். நான் லிஃப்ட் கீழே போய்ச் சேருமுன் என்னுடையதைத் துடைத்துவிட்டேன். சித்தி, ஆனி மாத வெய்யிலிலும், குளிர்காலத்தில் யாரோ கொடுத்த ஊதா நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார். நெற்றியில் மூன்று குறி தெளிவாக இருந்தது. சப்வேயில் அவருக்கும் எனக்கும் இடையில் ஓர் ஆசனத்தை வெறுமையாக விட்டு அமர்ந்துகொண்டேன்.

மைதானத்தின் கூரை திறந்திருந்தது. படிகளில் ஏறி உள்ளே வந்ததும் சித்தி நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றி விலகிப் போனார்கள். "இவ்வளவு பெரிய வெளி," என்றார் அம்மாவிடம்.

எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். மடியில் ஒரு தடித்த அட்டை. அதன்மேல் கட்டங்கள் போட்ட ஒரு தாள். காதில் பென்சில் செருகியிருந்தார். ஒவ்வோர் ஆட்டக்காரரும் அடித்து முடிந்ததும் பென்சிலை எடுத்து ஒரு கட்டத்துக்குள் ஏதோ எழுதுவார். நான் திரும்பி எட்டிப் பார்த்தேன். 6–3, 4–3 என்று சோடி சோடியாக எண்கள். இடையிடையே K. அந்த எழுத்து மட்டுமே எனக்கு விளங்கியது. எண்கள் ஏதோ அவருடைய சொந்தக் கணக்கு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் அம்மா பையைத் திறந்தார். மணம் நான்கு வரிசைகளுக்குப் பரவியது. நான் ஆசனத்தில் தாழ்ந்து அமர்ந்தேன். அம்மா எங்களுக்குக் கொடுத்த கையோடு பின்னால் திரும்பி, ஒரு சொல்லும் பேசாமல், பெரியவரிடமும் ஒரு ரோலை நீட்டினார். அவரும் ஒரு சொல்லும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

"உறைப்பெண்டு சொல்லும் அந்தாளுக்கு," என்றார் அப்பா.

"இனிச் சொல்லி என்ன? பாதி உள்ளை போட்டுது."

பெரியவரின் கண்கள் கலங்கின, மூக்கைத் துடைத்தார். மிகுதியையும் சாப்பிட்டார். பிறகு குனிந்து, இன்னொன்று இருக்குமா என்று ஆங்கிலத்தில் அப்பாவிடம் கேட்டார். அம்மா அதை மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே விளங்கிக்கொண்டார்.

ஆறாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ஆறு K ஆகியிருந்தன. மேல்மாடத்துக் கைப்பிடியில் இரசிகர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழாவது அட்டையைப் பிடித்தபடி ஒருவர் தயாராக நின்றார். அடிக்க வந்தவர் உயரமான இடதுகை ஆட்டக்காரர். முதல் பந்தைத் தவறவிட்டார். இரண்டாவதையும் தவறவிட்டார். இன்னும் ஒன்று. முழு மைதானமும் எழுந்து நின்றது. அப்பா என் தோளில் கையை வைத்து என்னை ஆசனத்தின்மேல் ஏற்றி நிறுத்தினார். நாளைக்குச் சொல்லப்போகும் வாக்கியங்களை நான் மனதுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாவது பந்து மட்டையின் விளிம்பில் பட்டது. கோட்டுக்கு வெளியே போகும் அத்தகைய பந்து கடைசித் தவறாகக் கணக்கில் வராது. அடிப்பவர் தப்பிக்கொள்வார், எறிவாளர் மறுபடியும் எறிய வேண்டும். பந்து உயரமாக எழுந்து எங்கள் பக்கம் வந்தது. மூன்றாவது பேஸில் நின்ற ஆட்டக்காரர் அண்ணாந்தபடி வேலிவரை ஓடிவந்து, இனி எட்டாது என்று தெரிந்து நின்றுகொண்டார். சுற்றியிருந்த ஆண்கள் கையுறைகளையும் தொப்பிகளையும் உயர்த்தினார்கள். ஒருவர் கையிலிருந்த பானம் இன்னொருவர் முதுகில் ஊற்றியது. சித்தி எங்கள் வரிசையின் ஓரத்தில், படிக்கட்டுப் பக்கமாக இருந்தார். அவர் கைகளை உயர்த்தவில்லை. பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் படியில் இறங்கினார். ஒரு படி பின்னால் ஏறினார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கழுத்துக்குக் கீழே வைத்தார். பந்து வந்து விழுந்தபோது கைகளும் அதனோடு கூடவே நெஞ்சுவரை வந்தன. சத்தமே கேட்கவில்லை. அப்படியொரு பிடியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மக்கள் ஆர்ப்பரித்தார்கள். நான் ஆசனத்தில் துள்ளினேன். என் திங்கட்கிழமை முழுவதும் சித்தியின் கைகளுக்குள் இருந்தது. வட்டத்தின் நடுவில் அந்தப் பந்தை வைப்பேன், நான் பேசக்கூடத் தேவையில்லை, அதுவே பேசும்.

சித்தி நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தார். வேலியருகில் அந்த மூன்றாவது பேஸ் ஆட்டக்காரர் இன்னும் எங்கள் பக்கம் பார்த்தபடி, கையுறை போட்ட கையை அரைவாசி உயர்த்தியபடி நின்றார். அடிப்பவர் நின்றார். எறிவாளர் நின்றார். ஆட்டம் நின்றிருந்தது. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைச் சித்தி கண்டார். எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

"சித்தி, வேண்டாம்," என்றேன். அவருடைய இடது கால் அதற்குள் முன்னே போயிருந்தது. கம்பளிச் சட்டையின் கை முழங்கைவரை சரிந்தது. தோளுக்கு மேலாகக் கை சுழன்று வந்தது. பதினான்கு வரிசைத் தலைகளுக்கு மேலாக, வளையாமல், பந்து போனது. அந்த ஆட்டக்காரர் காலை நகர்த்தாமல் அதைப் பிடித்தார்.

சிரிப்பு, கைதட்டல், ஊளை எல்லாம் ஒன்றாக எழுந்தன. எனக்கு ஊளை மட்டுமே கேட்டது. எதிரே இருந்த இராட்சதத் திரையில் சித்தியின் முகம் தோன்றியது: ஊதாக் கம்பளிச் சட்டை, மூன்று குறி, மூச்சு வாங்கும் வாய். ஒரு வீட்டின் அளவுக்கு இருந்தது அந்த நெற்றி.

"ஏன் எறிஞ்சனீங்கள்?" என் குரல் உடைந்துவிட்டது.

சித்தி உண்மையிலேயே திகைத்துப் போனார். "பந்து இல்லாமல் அவை எப்பிடிப் பிள்ளை விளையாடுறது? அந்தப் பெடியன் பாவம், கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான்."

"அவங்களிட்டைப் பெட்டி பெட்டியாய்க் கிடக்கு," என்றார் அப்பா. "இஞ்சை பிடிச்ச பந்தைத் திருப்பிக் குடுக்கிறேல்லை. அது பிடிச்ச ஆக்களுக்குத்தான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, அத்தான்."

நான் ஆசனத்தில் சரிந்து, முழங்கால்களுக்குள் முகத்தைப் புதைத்துக் காதுகளைப் பொத்திக்கொண்டேன். திரையில் அந்த முகம் இருக்கும்வரை நிமிர்வதில்லை என்று முடிவெடுத்தேன். அப்பா ஏதோ சொல்லி என் முதுகைத் தட்டினார். அதை நான் உதறினேன். அப்போது காதைப் பொத்திய கைகளையும் மீறி அந்த இரைச்சல் வந்தது. நிலம் அதிர்ந்தது. நான் தலையை உயர்த்தியபோது எனக்கு முன்னால் முதுகுகள் மட்டுமே இருந்தன. ஆசனத்தில் ஏறி நின்று பார்ப்பதற்குள் எறிவாளர் தொப்பியைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடத்தில் ஏழாவது அட்டை தொங்கியது. சித்தியும் எல்லோரையும் போலக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மிகுதி ஆட்டம் எனக்கு நினைவில்லை. நாங்கள் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வென்றோம். சனம் கலைந்தபோது பின்னாலிருந்த பெரியவர் என் தோளைத் தொட்டார். அட்டையில் செருகியிருந்த தாளை உருவி, நான்காக மடிக்காமல், மெல்லச் சுருட்டி என்னிடம் நீட்டினார். "நீ அப்போது பார்க்கவில்லை," என்றார் ஆங்கிலத்தில். "இதில் எழுதியிருக்கிறேன். வைத்துக்கொள்." நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். பெரியவர் சித்தியின் பக்கம் திரும்பித் தன் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டார். சித்தி அம்மாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

சப்வேயில் நான் யன்னலைப் பார்த்தபடி அழுதேன்.

"அதுக்கேன் பிள்ளை அழுறாய்? ஒரு பந்துதானே," என்றார் அம்மா.

சித்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. "எங்கடை பள்ளிக்கூடத்திலை எல்லே விளையாட ஒரு பந்துதான், அக்கா," என்றார். எல்லே என்பது எங்கள் ஊர்ப் பள்ளிகளில் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு. "ஊருக்குச் சாமான் வரவிடாத தடை நேரம், வேறை பந்து வராது. மதிலுக்கு வெளியிலை போனால் அண்டைக்கு விளையாட்டு முடிஞ்சுது."

"அதுக்குத்தானே உன்னை மதிலடியிலை விட்டிருந்தவை. நீ பந்தைப் பிடிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் விழுந்து பல்லை உடைச்சனீ."

"விழுந்தாலும் பந்தை விடேல்லைத்தானே."

இருவரும் சிரித்தார்கள். சித்தியின் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மாவுடையதைப் போலவே, முடிவில் சிறு விக்கலோடு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை வட்டத்தில் என் முறை வந்தது. ஆசிரியை தன் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். நான் காலையில் அப்பாவின் செய்தித்தாளில் மனப்பாடம் செய்த வரிகளைச் சொன்னேன்: பந்து வெளிப்பக்கமாகத் தாழ்ந்து வந்தது, அடிப்பவர் மட்டையைச் சுழற்றி ஏமாந்தார், எறிவாளர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். நான் காணாதவை யாவும் சரளமாக வந்தன. ஆசிரியை கைதட்டினார். அப்போது எதிரே இருந்த ஒருவன், தான் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், அதற்கு முன்னால் ஒரு பெண் பந்தைப் பிடித்துவிட்டுத் திருப்பி எறிந்ததாகவும் சொன்னான். எழுந்து நின்று அந்த எறிதலைச் செய்தும் காட்டினான். வகுப்பு சிரித்தது. "உனக்குக் கிட்டத்தான் இருந்தாளா? நீ அவளைப் பார்த்தாயா?" என்று கேட்டான்.

"இல்லை," என்றேன்.

அந்த வருடம் முழுவதும் வட்டத்தில் நான் சொன்னது அவ்வளவுதான்: காணாததைக் கண்டேன் என்றேன்; கண்டதைக் காணவில்லை என்றேன்.

மாலையில் சித்தி எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

"வகுப்பிலை சொன்னியே?"

"ஓம்."

"என்ரை கதையைச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"நல்லது," என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அவருக்கு நிம்மதி என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஒற்றைச் சொல்லை அதற்குப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதன் பொருள் எனக்கு உறுதியாகத் தெரியாது.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் பெரியவரின் தாளை விரித்துச் சரிபார்த்தேன். ஆறாவது இன்னிங்ஸின் கட்டத்தில் ஒரு பெரிய K. அதைச் சுற்றி வட்டம். அது சரி. ஆனால் தாளின் அடி ஓரத்தில், ரோல்ஸ் எண்ணெய் பட்டுக் கண்ணாடிபோல் ஆகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், 10–5 என்று எழுதி அதற்கும் ஒரு சிறு வட்டம் போட்டிருந்தார். ஆட்டம் முடிந்தது நான்குக்கு மூன்று. பெரியவருக்கு வயது போய்விட்டது, கணக்குத் தவறிவிட்டது என்று தீர்மானித்தேன். அழிப்பான் அகப்படவில்லை. நீலப் பேனாவை எடுத்து, அடிமட்டம் வைத்து, 10–5 இன்மேல் ஒரு நேர்கோடு கிழித்தேன். அதன் கீழே 4–3 என்று திருத்தமாக எழுதினேன். தவறொன்றைத் திருத்திய நிறைவோடு உறங்கினேன்.

வானொலியைக் கேட்டுக்கொண்டு வந்த அன்று, வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை என் பெரிய அகராதிக்குள்ளிருந்து எடுத்தேன். மூன்று வருடமாக இலக்கியம் படிக்கிறேன்; அழிந்த எழுத்துகளையும் ஓரக் குறிப்புகளையும் பொறுமையாக வாசிக்கப் பழக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு தாளை மட்டும் நான் முறையாக வாசிக்க முயன்றதே இல்லை. ஆட்டத்தை எழுதி வைக்கும் முறை பற்றிய ஒரு கையேட்டைத் தேடிப் படித்தேன். அந்த எண்கள் பெரியவரின் சொந்தக் கணக்கு அல்ல. எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு. களத்தில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. எறிவாளர் ஒன்று; பந்தை வாங்குபவர் இரண்டு; மூன்றாவது பேஸில் நிற்பவர் ஐந்து; வலப்பக்கக் கடைசியில் நிற்பவர் ஒன்பது. ஒருவர் பந்தை எடுத்து இன்னொருவருக்கு எறிந்தால் இருவரின் எண்களையும் இடையில் ஒரு கோட்டோடு எழுத வேண்டும். 6–3 என்றால் ஆறாமவர் மூன்றாமவருக்கு எறிந்தார்.

ஒன்பதோடு அந்த வரிசை முடிந்துவிடுகிறது. பத்து என்று ஓர் இடம் கிடையாது.

தாளை விளக்கின் கீழே பிடித்தேன். ஓரத்தில் இருந்த அந்த வட்டத்திலிருந்து, மயிரிழை போன்ற ஒரு பென்சில் கோடு, கட்டங்களுக்கு இடையால் மேலேறி, மூவாயிரமாவது K க்கு முன்னால் போய் நிற்கிறது. ஒன்பது வயதில் அதை நான் பென்சில் வழுக்கியது என்று நினைத்திருந்தேன்.

தன் வாழ்நாளில் எத்தனையோ ஆட்டங்களை அப்படி எழுதி வைத்திருக்கக்கூடிய ஒருவர், எல்லோரும் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ளும் ஓர் ஆட்டத்தின் தாளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார். கொடுப்பதற்கு முன், இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி வராத ஒரு பெண்ணுக்குக் களத்தில் ஓர் இடத்தை எழுதிவிட்டார். அவருடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை.

சித்திக்கு இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில் சொந்த வீடு. இரண்டு பிள்ளைகள். அவர்கள் மறந்துவிட்டுப் போகும் வீட்டுத் திறப்புக் கோர்வையை மாடி யன்னலிலிருந்து வாகனப் பாதைக்கு எறிவார். அவர்கள் கையை நீட்டினால் போதும். அடுத்த ஞாயிறு அங்கே போகிறேன். தாளைக் கொண்டுபோய்க் காட்டி, நான் அதில் செய்த திருத்தத்தையும், வகுப்பில் சொன்ன 'இல்லை'யையும் சொல்ல வேண்டும்.

பென்சில் எழுத்தை அழிக்க அதிக நேரம் ஆகாது. அன்று எங்கள் வீட்டில் ஓர் அழிப்பான் அகப்படாததற்கு நான் நன்றி சொல்கிறேன். என் நேரான நீலக் கோட்டின் அடியில் அந்தப் பத்து இன்னும் அப்படியே இருக்கிறது.